வட்டம் போட்டுப் பார்த்தால்

பொங்கலுக்கு ஐந்து நாள் பட்டறையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்த காலையில் மெஷின் எல்லாவற்றையும் மறந்திருந்தது. கோவை கணபதியில் எங்கள் பட்டறையில் இருக்கும் பழைய வி.எம்.சி. அது. 1998-ல் தைவானில் செய்தது. ஜப்பானிய கண்ட்ரோலர், பி.டி.40 ஸ்பிண்டில், 20 டூல், அகலமான வார்ப்பிரும்பு பாக்ஸ் வே. சுவிட்சைப் போட்டதும் பச்சை எழுத்துத் திரை வந்தது. ஆனால் பேராமீட்டர் பக்கம் முழுக்கப் பூஜ்யம். நினைவகத்தைத் தாங்கும் மூன்று டார்ச் பேட்டரிகளை நாங்கள் காலத்தில் மாற்றவில்லை. மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டிய பேட்டரிகள் அவை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனதில் எல்லாம் போயிற்று.

பேனல் கதவின் உள்பக்கப் பையில், மெஷினோடு வந்த பேராமீட்டர் தாள் இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. செட்டர் தம்பி ஒவ்வொன்றாகப் படிக்க, நான் அடித்தேன். மாலை ஐந்து மணிக்கு மெஷின் ஹோம் போயிற்று. ஆறு மணிக்கு வேலை ஓடியது.

ஓடியதே தவிர, துளை வட்டமாக வரவில்லை. பம்பு பிராக்கெட்டில் 62 மி.மீ. பேரிங் துளை. எச்7 என்றால் 30 மைக்ரான்தான் இடம். போரிங் ஹெட் போடாமல் எண்ட் மில்லை வட்டமாக ஓட்டியே அந்தத் துளையை முடிப்பது எங்கள் வழக்கம். போர் கேஜை உள்ளே விட்டுச் சுற்றினால், ஒரு மூலைவாட்டில் முள் 25 மைக்ரானுக்கு மேல் ஏறி, எதிர் மூலைவாட்டில் இறங்கியது. "மெஷின் தேஞ்சு போச்சுங்க" என்றார்கள் பார்த்தவர்கள். ஒருவர் வந்து, கண்ட்ரோலர், டிரைவ், மோட்டார் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று மதிப்பீடு கொடுத்தார். இன்னொருவர், வந்த விலைக்கு விற்றுவிட்டுப் புதிதாக எடுங்கள் என்றார். இருவருமே மெஷின் மேல் ஒரு டயல்கூட வைத்துப் பார்க்கவில்லை.

பழைய சி.என்.சி. மில்லிங் மெஷினைப் புதுப்பிப்பதா, விடுவதா என்ற கேள்வி, கணபதி, பீளமேடு, குறிச்சி, அரசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பட்டறையில் பேச்சாக இருக்கும். பெரும்பாலும் அது விலையில் தொடங்குகிறது. விலையில் தொடங்கினால் தவறான இடத்தில்தான் முடியும் என்பது என் அனுபவம். திரை கெட்டால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. இரும்பு தேய்வது சத்தமில்லாமல் நடக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரிவதை மாற்றி, தெரியாததை அப்படியே விட்டுவிடுகிறோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மெஷினுக்குப் புது மூளை வைப்பது ஏதோ ஏழைப் பட்டறையின் ஒட்டுப்போடும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் எண்கட்டுப்பாட்டு (என்.சி.) மில்லிங் பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைவுகளைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வெட்டலாம் என்று யோசித்தார். அமெரிக்க விமானப் படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகம் அதை எடுத்துச் செய்தது. 1952-ல் அவர்கள் ஓட்டிக் காட்டிய மெஷின், சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோ-டெல் என்ற வழக்கமான செங்குத்து மில்லிங் மெஷின். அதன் பக்கத்தில் வால்வுகள் நிறைந்த பெரிய அலமாரிகளை நிறுத்தி, துளையிட்ட காகித நாடாவைப் படிக்க வைத்தார்கள். உலகின் முதல் என்.சி. மில், இன்றைய பேச்சில் சொன்னால், ஒரு ரெட்ரோஃபிட்.

ஜப்பானில் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குள் 1956-ல் செய்யுவெமோன் இனாபாவின் குழு தொடங்கிய வேலை, 1972-ல் ஃபானக் என்ற தனி நிறுவனமாயிற்று. மெஷின் செய்கிறவர் ஒருவர், கண்ட்ரோலர் செய்கிறவர் இன்னொருவர் என்ற பிரிவு அதிலிருந்து உறுதிப்பட்டது. பெங்களூரில் செய்த மெஷினிலும் தைவானில் செய்த மெஷினிலும் ஒரே கண்ட்ரோலரைப் பார்ப்பது அதனால்தான். உடல் ஒருவர் கையில், மூளை இன்னொருவர் கையில். இரண்டுக்கும் வெவ்வேறு ஆயுள். நல்ல வார்ப்பிரும்பு உடம்பு, எண்ணெய் தவறாமல் கிடைத்தால், முப்பது நாற்பது வருடம் நிற்கும். போர்டில் இருக்கும் கெபாசிட்டரும் குளிர்விக்கும் ஃபேனும் அவ்வளவு காலம் நிற்காது. 2012 வாக்கில் கோவையில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, நாளுக்கு எத்தனை முறை மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றி மாற்றிப் போட்டோம் என்பதை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அடியெல்லாம் பவர் சப்ளைக்கும் டிரைவுக்கும்தான் விழுந்தது. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே இரும்பிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மேக்னடிக் ஸ்டாண்டு, ஒரு மைக்ரான் டயல், டெஸ்ட் பார், ஒரு நல்ல ஸ்கொயர், அரை நாள் பொறுமை போதும்.

முதலில் பேக்லாஷ். டயலை ஸ்பிண்டில் பக்கம் பிடித்து, முனையை டேபிளில் இருக்கும் பிளாக் மேல் வைக்க வேண்டும். எம்.பி.ஜி. கைச்சக்கரத்தை ஒரே திசையில் சுற்றி டேபிளை டயல் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்து, முள்ளைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பிறகு திசையை மாற்றி, ஒரு கிளிக்குக்கு ஒரு மைக்ரான் என்று மெதுவாகச் சுற்ற வேண்டும். திரையில் எண் ஓடும், முள் அசையாது. இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. எந்தக் கிளிக்கில் முள் நகரத் தொடங்குகிறதோ அதுவரை தொலைந்ததுதான் கணக்கு. இதை டேபிளின் நடுவில் ஒரு முறை, இரண்டு கோடியிலும் ஒவ்வொரு முறை எடுக்க வேண்டும். நடுவில் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துபவர்கள்தான் அதிகம். செய்தியே வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நடுவிலும் கோடியிலும் ஒரே அளவு, 12 மைக்ரான் என்று வந்தால், அது பால் ஸ்க்ரூவின் நட்டிலோ, கோடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கிலோ, கப்ளிங்கிலோ இருக்கிறது. பேராமீட்டரில் ஈடுகட்டலாம், பேரிங்கை மாற்றலாம். ஆனால் நடுவில் 28, கோடியில் 9 என்று வந்தால் கதை வேறு. வருடக்கணக்காக வைஸ் நடுவிலேயே இருந்து, வேலையெல்லாம் அந்த 200 மி.மீ. நீளத்திலேயே நடந்து, ஸ்க்ரூ அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. பேராமீட்டரில் 28 கொடுத்தால் கோடியில் 19 மைக்ரான் கூடுதலாகத் தள்ளும். 9 கொடுத்தால் நடுவில் 19 மைக்ரான் குறையும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ட்ரோலர் வந்தாலும் இந்த இரும்போடுதான் அது குடித்தனம் நடத்த வேண்டும். ஸ்க்ரூவை மாற்றும் செலவைச் சேர்க்காமல் ரெட்ரோஃபிட் பேசுவது வீண்.

த்ரஸ்ட் பேரிங்கைப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. சர்வோ ஆனில் இருக்கும்போது, டேபிளை ஒரு கட்டையால் நெம்பி, டயலைப் பார்ப்பது. கையை எடுத்ததும் முள் பழைய இடத்துக்குத் திரும்பினால் அது உலோகத்தின் இயல்பான வளைவு. திரும்பாமல் அங்கேயே நின்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

அடுத்து ஸ்பிண்டில். 300 மி.மீ. டெஸ்ட் பாரைப் பொருத்தி, மூக்கருகிலும் கோடியிலும் டயல் வைத்துக் கையால் சுற்ற வேண்டும். நல்ல மெஷினில் மூக்கருகில் 5 மைக்ரானுக்குள்ளும், கோடியில் பத்து பதினைந்து மைக்ரானுக்குள்ளும் எதிர்பார்ப்பார்கள். டூல் ஹோல்டரைக் கழற்றி அதன் கூம்பில் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வெட்டும்போது ஹோல்டர் ஸ்பிண்டிலுக்குள் நுண்ணிய அளவில் ஆடுகிறது. பெரும்பாலும் டிரா பாரை இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் ஸ்பிரிங்குகளில் சில உடைந்திருக்கும். அடுக்கை மாற்றுவது ஒரு நாள் வேலை. இதைக் கவனிக்காமல் டூல் ஆயுள் குறைகிறது, ஃபினிஷ் வரவில்லை என்று மெஷினையே குறை சொல்லி விற்றவர்களை அறிவேன்.

வேயைப் பொறுத்தவரை பாக்ஸ் வேயும் எல்.எம். கைடும் வேறு வேறு. பாக்ஸ் வே தேய்ந்தால் கிப்பை இறுக்கலாம், டர்சைட் லைனிங்கைப் புதிதாக ஒட்டிக் கையால் ஸ்க்ரேப் செய்து முதல் நாளைய நேர்த்தன்மைக்குக் கொண்டுவரலாம். நீல மை தடவி, ஒட்டும் புள்ளிகளை எண்ணி எண்ணிச் சுரண்டும் அந்த வேலையை முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். தெரிந்தவர் ஊரில் இருக்கும்வரை பாக்ஸ் வே மெஷின் வைத்திருப்பவருக்கு ஒரு சொத்து இருக்கிறது. எல்.எம். கைடு தேய்ந்தால் ரயிலும் பிளாக்கும் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். இரண்டு வகையிலும் தேய்வுக்கு முதல் காரணம் எண்ணெய் லைன் அடைத்துக்கொள்வது. பம்பு ஓடும், டேங்க் எண்ணெய் குறையாது, யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரும்பு சரி என்றால் மூளையைப் பார்க்கலாம். மூளையைப் பற்றிய முதல் கேள்வி, அது பழையதா என்பதில்லை. உங்கள் வேலைக்கு அது போதுமா என்பதுதான்.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழைய கண்ட்ரோலர்களில் நினைவகத்தை நாடா மீட்டரில் சொல்வார்கள், காகித நாடா காலத்து அளவு. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 400 எழுத்து. 80 மீட்டர் என்றால் 32,000 எழுத்து. ஒரு ஜி-கோடு வரிக்குச் சராசரியாக 22 எழுத்து என்று வைத்தால் 1,450 வரி. பம்பு பிராக்கெட்டுக்கு 150 வரிதான் வேண்டும். அப்படி ஒன்பது வேலையை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற பட்டறைக்கு இந்த மூளை போதும், இன்னும் பத்து வருடத்துக்கும் போதும்.

பக்கத்துப் பட்டறை மோல்டு வேலை செய்கிறது. கேம் மென்பொருள் வளைவை 0.1 மி.மீ. துண்டு துண்டாக நறுக்கி, லட்சக்கணக்கான வரிகளைத் தருகிறது. நினைவகத்தில் அடங்காது. ஆகவே கம்ப்யூட்டரிலிருந்து ஆர்.எஸ்.232 கேபிள் வழியாகச் சொட்டுச் சொட்டாக அனுப்புகிறார்கள். வேகம் 9,600 பாட். ஒரு எழுத்துக்குப் பத்துப் பதினொரு பிட் செலவாவதால் விநாடிக்குச் சுமார் 900 எழுத்து. அதாவது 40 வரி. 40 வரிக்கு 0.1 மி.மீ. வீதம் 4 மி.மீ. நிமிடத்துக்கு 240 மி.மீ. புரோகிராமில் ஃபீடு 2,000 என்று எழுதியிருந்தாலும், டூல் 240-ல்தான் போகும். அதுவும் விக்கி விக்கிப் போகும், ஒவ்வொரு விக்கலுக்கும் மோல்டில் ஒரு கோடு விழும். அங்கே கண்ட்ரோலர்தான் முட்டுக்கட்டை. வரிகளை முன்கூட்டியே நூற்றுக்கணக்கில் படித்து வேகத்தைச் சீராக்கும் புதிய கண்ட்ரோலர் வந்தால், அதே இரும்பு பல மடங்கு வேகமாக, சுத்தமாக வெட்டும்.

ஒரே வயது, ஒரே மாடல். ஒரு பட்டறைக்கு மாற்றுவது அவசியம், இன்னொன்றுக்கு வீண் செலவு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எண்ணிக்கை வேலை செய்பவர்கள் கண்ட்ரோலரை மாற்றினால் சைக்கிள் நேரம் குறையும் என்று நினைக்கிறார்கள். ஒரு வேலையில் பத்து டூல் என்று வைத்துக்கொள்வோம். பழைய டூல் சேஞ்சர் ஒரு மாற்றத்துக்கு 7 விநாடி, புது மெஷின் இரண்டரை. வித்தியாசம் மட்டும் 45 விநாடி. நான்கு நிமிட சைக்கிளில் அது பெரிய பங்கு. டூல் மாற்றும் கையும், நிமிடத்துக்கு 12 மீட்டரைத் தாண்டாத பாக்ஸ் வே ரேப்பிடும் இரும்பின் இயல்பு. கண்ட்ரோலரால் அவற்றைத் திருத்த முடியாது. இப்படிப்பட்ட பட்டறைக்கு என் ஆலோசனை: புது மெஷின் வாங்குங்கள், பழையதைப் பெரிய, கனமான, டூல் குறைந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் வேயின் உடம்பு கனமான ஃபேஸ் மில்லுக்குத்தான் பிறந்தது.

இடையில் சில சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கின்றன. கண் கூசும் பழைய டியூப் திரைக்குப் பதில் எல்.சி.டி. வைக்கலாம். ஆர்.எஸ்.232 துளையில் மெமரி கார்டு படிக்கும் சிறு பெட்டி மாட்டினால் கம்ப்யூட்டரை மெஷின் பக்கத்தில் கட்டிப்போட வேண்டாம். டூல் நீளம் எடுக்க ஒரு செட்டர், பீஸின் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு புரோப், இரண்டு வேலையை ஒன்றாகப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர். செட்டிங் நேரம் ஒரு மணியிலிருந்து இருபது நிமிடமாவது பெரும்பாலும் இவற்றால்தான். பழைய மெஷினில் ரிஜிட் டேப்பிங் இல்லாமல் எம்8 டேப் உடைந்துகொண்டே இருந்தால், ஸ்பிண்டிலில் பொசிஷன் கோடர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடர் இருந்து, அந்த வசதி கண்ட்ரோலரில் பூட்டியிருந்தால் திறக்க மட்டும் செலவு. இல்லாவிட்டால் நீண்டு சுருங்கும் டேப் ஹோல்டரே போதும்.

முழு ரெட்ரோஃபிட் என்று முடிவானால், பட்டறைக்காரர்கள் ஏமாறும் இடம் லேடர். கண்ட்ரோலரைப் பொருத்தி மூன்று அச்சையும் ஓட வைப்பது இரண்டு மூன்று நாளில் நடந்துவிடும். டூல் சேஞ்சரின் ஒவ்வொரு சென்சாரும், கை எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்பதும், கதவு திறந்திருந்தால் ஸ்பிண்டில் ஓடக் கூடாது என்பதும், எமர்ஜென்சி அழுத்தினால் இசட் அச்சின் பிரேக் முதலில் பிடிக்க வேண்டும் என்பதும் லேடர் என்ற சிறு புரோகிராமில்தான் எழுதப்படுகின்றன. வாரக்கணக்கில் இழுப்பது இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ரெட்ரோஃபிட் செய்தவர் லேடருக்குப் பாஸ்வேர்டு போட்டு, பேக்கப் கொடுக்காமல் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு சென்சார் வகையை மாற்ற வேண்டியிருந்தபோது அவர் தொழிலில் இல்லை. சென்சாரின் விலை சில நூறு ரூபாய். மெஷின் நின்றது ஒன்றரை மாதம். ஆகவே லேடரின் மூல வடிவம், வயரிங் வரைபடம், பேராமீட்டர் பேக்கப் மூன்றும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோலர் தேர்வில் பழைய கம்பெனியையே தொடர்வது ஆப்பரேட்டருக்கு எளிது. இருக்கிற புரோகிராமும் மேக்ரோவும் ஏறக்குறைய அப்படியே ஓடும். ஃபானக், சீமென்ஸ், மிட்சுபிஷி மூன்றுக்கும் இங்கே சர்வீஸ் கிடைக்கிறது. பழைய கண்ட்ரோலரையே வைத்துக்கொண்டு போர்டை மட்டும் பழுது பார்க்கும் வழியும் அடைந்துவிடவில்லை. மெஷின் பயன்பாட்டில் இருக்கும்வரை பராமரிப்போம் என்பது ஃபானக் வெளிப்படையாகச் சொல்லும் கொள்கை. மூன்றாம் ஆட்களிடமும் மாற்றுப் போர்டு கிடைக்கும், மூன்று மாத உத்தரவாதத்தோடு. பிரஷ் வைத்த பழைய டி.சி. சர்வோ மோட்டார் என்றால் மட்டும் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பேன். மோட்டாரும் டிரைவும் சேர்ந்தே போகட்டும்.

லினக்ஸ்-சி.என்.சி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 1990-களில் எழுதத் தொடங்கிய இ.எம்.சி. என்ற மென்பொருள்தான் பின்னாளில் இந்தப் பெயர் பெற்றது. உரிமக் கட்டணம் இல்லை, எல்லாம் திறந்த மூலம். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த, இரவு உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் ஆர்வமுள்ள ஒருவர் பட்டறையிலேயே இருந்தால், அற்புதமாக ஓடும். பாலிடெக்னிக்குகள் தங்கள் பழைய மெஷினை மாணவர்களைக் கொண்டே இப்படிப் புதுப்பித்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் மெஷினின் மூளையும் அவரோடு போய்விடும் என்பதை நினைத்துத்தான் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்கும் பட்டறை இதில் இறங்க வேண்டும்.

இப்போது பணம். இங்கே நான் கொடுக்கும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் மதிப்பீட்டை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். புது மெஷினுக்கு 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 65,200 ரூபாய். ஜாப் ஒர்க்கில் மணிக்கு 400 ரூபாய் கிடைத்தால், தவணைக்கு மட்டும் 163 மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு ஷிஃப்டில் மாதம் 200 மணி. செட்டிங், காத்திருப்பு எல்லாம் போக வெட்டும் நேரம் 140 வந்தால் பெரிது. ஆக, இரண்டாவது ஷிஃப்டுக்கு வேலையும் ஆளும் உறுதியாக இல்லாமல் அந்தத் தவணையில் கை வைக்கக் கூடாது. ரெட்ரோஃபிட்டுக்கு 9 லட்சம், அதே வட்டி, மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 29,500. அதாவது 74 மணி. தாங்கும்.

ஆனால் இந்த 74-ஐ மட்டும் பார்ப்பது சரியில்லை. ரெட்ரோஃபிட்டில் மெஷின் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும். அந்த வாரங்களில் வாடிக்கையாளர் வேலையை வேறு பட்டறைக்கு அனுப்புவார், திரும்பி வருவாரா என்பது தெரியாது. இரும்பு வேலை சேர்ந்தால் 9 லட்சம் 13 ஆகும். புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதியதன் பக்கம் சாய்வேன். மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்து, இரும்பும் சரியாக இருந்தால் யோசிக்காமல் ரெட்ரோஃபிட். இடையில் இருந்தால், செய்கிற வேலையின் தன்மைதான் தீர்மானிக்க வேண்டும்.

வரிக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. இயந்திரத்துக்குப் பொதுவான தேய்மானம், குறைந்துவரும் மதிப்பில் 15 சதவீதம். புதுப்பிக்கும் செலவை அந்த ஆண்டின் பராமரிப்பாகக் காட்டுவதா, மூலதனமாகச் சேர்ப்பதா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். பில் எழுதும் விதத்திலேயே அது மாறிவிடும். டி.ஐ.ஐ.சி. போன்ற அமைப்புகளின் இயந்திரக் கடனைப் பேசும்போதும், ரெட்ரோஃபிட்டுக்குக் கொடுப்பார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்று கசப்பானது. 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி சிறு பட்டறைக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். 90 நாள், 120 நாள் காத்திருக்கும் பட்டறைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கும். வரவேண்டிய பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்க்காமல் எடுக்கும் மெஷின் முடிவு, எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும், குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கும்.

எங்கள் மெஷினுக்கு வருகிறேன். மதிப்பீடுகள் மேசையில் கிடந்தபோது, வயதான மெக்கானிக் ஒருவர் வேறு வேலையாக வந்தார். துளை ஓவலாக வருவதைக் கேட்டதும், "ஏனுங்க, வட்டம் போட்டுப் பாத்தீங்களா?" என்றார். இல்லைங்கண்ணா என்றேன். அடுத்த நாள் பால்பார் கருவியோடு ஒருவரை அழைத்து வந்தார்.

பால்பார் என்பது இரண்டு பக்கமும் எஃகுக் குண்டு உள்ள நீளும் கம்பி. ஒரு குண்டு டேபிளில், மறு குண்டு ஸ்பிண்டிலில். மெஷின் வட்டம் போடும்போது கம்பியின் நீளம் மைக்ரான் கணக்கில் எப்படி மாறுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் பெரிதாக்கி வரையும். ஐ.எஸ்.ஓ. 230-4 சொல்லும் வட்டச் சோதனை இதுதான். கடிகாரத் திசையில் ஒரு முறை, எதிர்த் திசையில் ஒரு முறை போடுவார்கள். ஏன் இரண்டு முறை என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இல்லாவிட்டால், அதாவது குறை இரும்பில் இருந்தால், 45 டிகிரியில் நீண்ட ஓவல் வரும். எந்தத் திசையில் சுற்றினாலும் அந்த ஓவல் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். இரண்டு சர்வோவும் ஒரே அளவு வேகமாகப் பதில் சொல்லாவிட்டால், அதாவது குறை மூளையில் இருந்தால், அப்போதும் 45 டிகிரியில் ஓவல் வரும். ஆனால் சுற்றும் திசையை மாற்றியதும் அது மறுபக்கம் சாய்ந்துவிடும். ஃபீடைக் கூட்டினால் பெரிதாகவும் ஆகும்.

எங்கள் ஓவல் திசை மாறியதும் மறுபக்கம் சாய்ந்தது. ஃபீடை 500-லிருந்து 1,000 ஆக்கினோம், இரட்டிப்பானது.

பெரியவர் பேனல் கதவைத் திறந்து, அந்தப் பேராமீட்டர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சர்வோ எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லூப் கெயின், ஒவ்வொரு அச்சுக்கும் 3000. அந்தக் காலத்து டாட் மேட்ரிக்ஸ், பூஜ்யத்தின் நடுவில் குறுக்குக் கோடு போட்டு அடிக்கும். ஒய் அச்சின் வரியில் எண்ணெய்க் கறை விழுந்து, ஒரு பூஜ்யம் எட்டைப்போலத் தெரிந்தது. தம்பி 3080 என்று படித்திருக்கிறார், நானும் 3080 என்று அடித்திருக்கிறேன். 62 மி.மீ. துளையில் 25 மைக்ரானுக்கு மேல் கோணலாக்கிய குற்றவாளி ஒற்றை இலக்கம். அதைத் திருத்தி மறுபடி வட்டம் போட்டோம். ஓவல் மறைந்தது.

அதே படத்தில் வேறொன்றும் தெரிந்தது. எக்ஸ் அச்சு திசை மாறும் இரண்டு இடத்திலும் சின்னப் படி. டயல் வைத்துப் பார்த்தோம், நடுவிலும் கோடியிலும் ஒரே 14 மைக்ரான். கட்டையால் நெம்பினால் முள் திரும்பவில்லை. த்ரஸ்ட் பேரிங். அதை மாற்றினோம். டிஸ்க் ஸ்பிரிங் அடுக்கில் மூன்று உடைந்திருந்தன, அதையும் மாற்றினோம். எண்ணெய் லைனில் இரண்டு அடைத்திருந்தன. திரைக்கு எல்.சி.டி., கேபிளுக்குக் கார்டு பெட்டி. மொத்தச் செலவு ரெட்ரோஃபிட் மதிப்பீட்டில் ஏழில் ஒரு பங்குகூட வரவில்லை. கண்ட்ரோலரை அப்போது மாற்றவில்லை. எங்கள் வேலை 150 வரி வேலை.

மூன்று வருடம் கழித்து இசட் டிரைவ் போய், அதே வகை மாற்று டிரைவ் இரண்டு முறை வாங்கி இரண்டும் நிற்காதபோதுதான் முழு ரெட்ரோஃபிட்டுக்கு ஆர்டர் கொடுத்தோம். கொடுக்கும் முன் மறுபடி வட்டம் போட்டோம், இரும்பு அப்படியே இருந்தது. பதினெட்டு வருடம் அந்த மெஷினோடு இருந்த செட்டர் தம்பிதான் புது லேடரை ஒவ்வொரு சென்சாராகச் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். டூல் சேஞ்சர் கை எந்தச் சத்தத்தில் சரியாக உட்காரும் என்பது வந்தவர்களில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

பேனல் கதவின் பையில் இப்போது பழைய தாளின் தெளிவான நகல், புது பேராமீட்டர் பட்டியல், லேடர் பேக்கப் உள்ள கார்டு, இரண்டு வட்டப் படங்கள் இருக்கின்றன. கதவின் மேல் பேட்டரி மாற்ற வேண்டிய தேதியைத் தம்பி மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார், பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பாக.